வானத்தைக் காட்டிய தொடர்கள்: ஏக்கம் எதுவரை, உண்மை எதுவரை?

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளையைத் தாண்டிச் சென்றால் சமவெளியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றைக் காணலாம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் கோட்டை என்றே பாடசாலைப் புத்தகங்கள் அதை எமக்கு அறிமுகப்படுத்தின. அந்தக் குன்றுக்கு வானியலோடும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1979இல் ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதுதான் கதை. அதில் வரும் குன்று சீகிரியாவின் மறுவடிவம். சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் வருகிறது. கதைக்காக இலங்கைத் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, பூமத்திய ரேகையின் மேல் வைத்துவிட்டதாகக் கிளார்க் அந்த நூலிலேயே சொல்லிவிடுகிறார்.

ஏன் நகர்த்தினார்? ஒரு செய்மதி பூமியின் ஒரே இடத்துக்கு நேர் மேலே நிற்பதுபோலத் தோன்ற வேண்டுமானால், அது பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்ற வேண்டும். வேறெந்த இடத்துக்கு மேலேயும் அப்படி நிற்க முடியாது. இந்தச் சுற்றுப்பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இலேயே விளக்கிக் கட்டுரை எழுதியவர் கிளார்க். விதியை மாற்ற முடியாது என்பதால் தீவை மாற்றினார். மாற்றியதை வாசகனிடம் மறைக்கவுமில்லை.

வானத்தைப் பற்றிய எந்தத் தொடரையும் காணொளியையும் எடைபோட இந்த ஒரு உதாரணம் போதும் என்று நினைக்கிறேன். கற்பனை குற்றமல்ல. எது கற்பனை என்று சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

வன்னியின் இருட்டும் ஒரு இறுவட்டும்

என் பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் நான் மாத்தளைக்குத் திரும்பினேன். இன்று இங்கே விஞ்ஞானம் கற்பிக்கிறேன்.

வன்னியில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் கீழ்தான் எங்கள் தலைமுறை படித்தது. அந்த இருட்டு எமக்குத் தந்த ஒரே செல்வம் வானம். பால்வழி முற்றத்துக்கு மேலே தெளிவாகத் தெரியும். ஆனால் அதே வானத்தில்தான் கிபிர் வந்தது, பரா வெளிச்சம் தொங்கியது, ‘வண்டு’ சுற்றியது. மெதுவாக நகரும் ஒரு வெளிச்சத்தைக் கண்டால் அது செய்மதியா என்று யோசிக்க எவருக்கும் தோன்றாது. பங்கர் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்போம்.

2002 சமாதான காலத்தில், எங்கள் ரியூசன் ஆசிரியர் ஒருவர் ‘கொஸ்மோஸ்’ தொடரின் இறுவட்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவே, ஆங்கில உரையை அவர் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் பார்த்தோம். வானத்தைப் பயமில்லாமல் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்தத் தொடர்தான். இந்த வயதிலும் அதன் இசையைக் கேட்டால் நெஞ்சு இளகுகிறது. ஆனால் பிடித்த தொடர் என்பதற்காக அதில் சொல்லப்பட்டவை எல்லாம் இன்றும் சரி என்று மாணவர்களிடம் சொல்ல முடியாது.

1980இன் பிரபஞ்சமும் இன்றைய பிரபஞ்சமும்

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் வழங்கிய ‘கொஸ்மோஸ்’, 1980 செப்டெம்பர் 28 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. மொத்தம் 13 பகுதிகள். பின்னர் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டப்பட்டது. தன் காலத்தில் தெரிந்த விஞ்ஞானத்தை அது நேர்மையாகவே சொன்னது. அதன் பின் விஞ்ஞானம் நகர்ந்துவிட்டது.

சேகன் பிரபஞ்சத்தின் வயதை ஓர் ஆண்டு நாட்காட்டியாகச் சுருக்கிக் காட்டுவார். அதில் பிரபஞ்சத்தின் வயது 1,500 கோடி ஆண்டுகள் என்று கொள்ளப்பட்டது. இன்றைய கணிப்பு ஏறத்தாழ 1,380 கோடி. பிரபஞ்சம் விரிவதை நிறுத்தி மீண்டும் சுருங்கக்கூடும் என்பது அன்று திறந்திருந்த கேள்வி. விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் கண்டறியப்பட்டது. சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் 1995இல்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அப்படியான கோள்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். புளூட்டோ அன்று கோள், 2006இலிருந்து குறுங்கோள்.

சேகன் தன் தொடரை ஒரு வேதமாக விட்டுவிடவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து மறு ஒளிபரப்பு வந்தபோது, இடைக்காலத்தில் தெரியவந்தவற்றைச் சில பகுதிகளின் இறுதியில் தானே தோன்றிச் சொன்னார். அவர் 1996இல் காலமானார். 2014இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்க, புதிய ‘கொஸ்மோஸ்’ வந்தது. நாட்காட்டி 1,380 கோடியாகத் திருத்தப்பட்டது. ஆனால் புதியது என்பதற்காக அதிலும் எல்லாம் சரியென்று இல்லை. சிறுகோள் பட்டையில் விண்கலம் பாறைகளுக்கு நடுவே நெளிந்து செல்வதாகக் காட்டினார்கள். உண்மையில் அந்தப் பாறைகளுக்கிடையே சராசரி இடைவெளி இலட்சக்கணக்கான கிலோமீற்றர். ஒன்றின் மேல் நின்று பார்த்தால் இன்னொன்று கண்ணுக்குத் தெரிவதே அரிது.

எம் வீடுகளில் இதற்கு ஓர் உவமை தயாராக உண்டு. ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றுகிறது. திருக்கணிதம் அவதானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. பழைய தொடரை வாக்கியம் போலப் போற்றலாம். கணக்குக்குத் திருக்கணிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பொங்கலும் நடராசரும், வெட்டப்பட்ட ஒரு சொல்லும்

‘கொஸ்மோஸ்’ தொடரின் 10ஆம் பகுதியைத் தமிழர்கள் திரும்பத் திரும்பப் பகிர்கிறார்கள். காரணம், அதில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். பொங்கல் கொண்டாட்டத்தையும் சோழர் கால நடராசர் செப்புச் சிலையையும் காட்டி, இந்து மரபின் கால அளவுகளைப் பற்றிப் பேசுகிறார். பிரமனின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி ஆண்டுகள். அது பூமியின் வயதைவிடக் கூடியது; பெருவெடிப்பிலிருந்து கடந்த காலத்தில் ஏறத்தாழப் பாதி என்கிறார்.

இந்த ஒரு நிமிடத் துண்டுதான் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. ‘நாசா விஞ்ஞானியே ஒப்புக்கொண்டார்’ என்று மேலே ஒரு வரியும் சேர்த்துவிடுவார்கள். இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பாதி என்ற கணக்கு அன்றைய பிரபஞ்ச வயதை வைத்துச் சொன்னது. 1,380 கோடியில் 864 கோடி என்பது பாதியல்ல, ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூட. இரண்டாவது, தொடரோடு வெளியான ‘கொஸ்மோஸ்’ நூலில், இந்தப் பொருத்தம் தற்செயலானதே என்ற கருத்தையும் சேகன் சேர்த்து எழுதியிருக்கிறார். பகிரப்படும் காணொளிகளுக்கு மேலே அந்தச் சொல்லை எவரும் எழுதுவதில்லை.

அதனால் எம் முன்னோரின் கற்பனை சிறுத்துப்போவதில்லை. உலகம் சில ஆயிரம் ஆண்டுகள்தான் பழையது என்று பல சமூகங்கள் நினைத்திருந்தபோது, கோடிக்கணக்கான ஆண்டுகளை மனத்தில் வைத்துப் பார்த்தது பெரிய விடயம். 2004இல் இந்திய அரசு அன்பளித்த நடராசர் சிலை ஜெனீவாவின் அணு ஆய்வு நிலையமான சேர்னில் இருப்பதும் பெருமைதான். ஆனால் பெருமை வேறு, அளந்து கண்டது வேறு. 1,380 கோடி என்ற எண் அளவீடுகளிலிருந்து வந்தது. 864 கோடி அப்படி வந்ததல்ல.

எரிந்த நூலகங்கள்

1980 டிசெம்பர் 21 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், சேகன் அலெக்சாந்திரியா நூலகத்தின் அழிவை நினைத்து உருகுகிறார். கணித மேதை ஹைப்பேசியா கொல்லப்பட்டதையும் நூலகம் அழிந்ததையும் அடுத்தடுத்துச் சொல்கிறார். அது ஒளிபரப்பாகி ஆறு மாதம் ஆவதற்குள், 1981 மே இறுதி, ஜூன் தொடக்க நாள்களின் வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தப் பகுதியை எம்மில் ஒருவர் கண் கலங்காமல் பார்ப்பது கடினம்.

ஆனால் வரலாற்றாசிரியர்கள் சேகனின் அந்தக் காட்சியைத் திருத்துகிறார்கள். அலெக்சாந்திரியாவின் பெரிய நூலகம் ஒரே இரவில் எரியவில்லை. கி.மு. 48இல் சீசரின் போரில் ஏற்பட்ட தீ, பின்வந்த ஆட்சியாளர்களின் புறக்கணிப்பு, 391இல் செராப்பிஸ் கோயிலின் அழிப்பு என்று அது பல நூற்றாண்டுக் கதை. 415இல் ஹைப்பேசியா கொல்லப்பட்டபோது அந்தப் பெரிய நூலகம் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. சேகன் பல நூற்றாண்டுகளை ஒரு காட்சியாக அடுக்கிவிட்டார். கதை வலுத்தது, வரலாறு மெலிந்தது.

இழப்பைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். எமது நூலகம் எரிந்ததற்கு நாள் உண்டு, கணக்கு உண்டு, கண்டவர்கள் இருக்கிறார்கள். எமக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. ஒரு பொய் எண்ணைச் சேர்த்தால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகள் அனைத்தையும் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியலை ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து வைத்திருக்கும் அம்மாமாருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருநள்ளாறும் இராவணனின் விமானமும்

இன்றைய மாணவர்கள் ‘கொஸ்மோஸ்’ பார்த்து வருவதில்லை. அவர்கள் பார்ப்பது கைத்தொலைபேசியில் வரும் மூன்று நிமிடக் காணொளி. அதில் அடிக்கடி வருவது, திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே பறக்கும் செய்மதிகள் மூன்று செக்கன் நின்றுவிடுகின்றன, நாசா திகைத்துப்போனது என்ற கதை.

சீகிரியாவை நகர்த்திய அதே விதி இங்கும் பதில் சொல்கிறது. தாழ்வான பாதையில் சுற்றும் செய்மதி செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழும், மீண்டும் ஓடவைக்க அங்கே எவருமில்லை. நிற்பதுபோலத் தோன்றும் உயரமான செய்மதிகளோ பூமத்திய ரேகைக்கு மேலேதான் இருக்க முடியும். திருநள்ளாறு அந்த ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அங்கே போய்க் கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. அதற்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை, அப்படியொன்று இருந்ததுமில்லை.

மாத்தளைக்கு இன்னொரு கதை நெருக்கமானது. சீகிரியா இராவணனின் மாளிகை, அவனிடம் விமானங்கள் இருந்தன என்ற பேச்சு சிங்களத்திலும் தமிழிலும் காணொளிகளாகப் பரவுகிறது. 2020 ஜூலையில் இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் பறத்தல் பற்றிய ஆவணங்கள் இருந்தால் தருமாறு பொதுமக்களைக் கேட்டு விளம்பரமே வெளியிட்டது. சிங்களவர் அவனைத் தங்கள் அரசன் என்கிறார்கள். எம்மவர் தமிழ் வேந்தன் என்கிறார்கள். விமானம் இருந்தது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமை. சீகிரியாவில் அகழ்ந்தவர்கள் கண்டது துறவிகளின் குகைகள், காசியப்பன் காலக் கட்டடங்கள், தோட்டங்கள், நீர்க்கால்வாய்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மழைக்காலத்தில் இயங்கும் நீர்த்தாரைகளைச் செய்த பொறியியலாளர்களுக்கு நாம் தரும் மரியாதை, இல்லாத விமானத்துக்குத் தரும் மரியாதையைவிடக் குறைந்துவிட்டது.

இராவணன் பெயரில் விண்ணில் பறந்தது ஒன்று உண்டு. ‘இராவணா-1’ என்ற அந்தச் சிறு செய்மதியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய அது, 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. பெயர் புராணத்திலிருந்து வந்தது. பறக்கவைத்தது கணிதம்.

பிழையைச் சொன்ன கணக்கு

எம் மரபில் பெருமைப்பட உண்மையான கதைகள் இல்லாமலில்லை. 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில், ஜோன் வொரன் என்ற அதிகாரி ஒரு நிகழ்வைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், எழுதுகோல் இல்லாமல், சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஒட்டோ நொய்கெபவர் 1952இல் அந்தக் கணக்கைப் பரிசோதித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போது பிழைகளையும் சேர்த்தே சொல்கிறேன். 52 நிமிடப் பிழை அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தவில்லை. சோழிகளை வைத்து வானத்தை இவ்வளவு நெருங்க முடிந்தது என்பது, பிழை தெரிந்தபின்தான் நம்பத்தக்கதாகிறது.

எங்கள் முற்றத்து வானம்

வெளிநாட்டுத் தொடர்கள் காட்டாத ஒன்றும் உண்டு. அவை பெரும்பாலும் வடக்கு நாடுகளின் வானத்தையே காட்டுகின்றன. துருவ நட்சத்திரம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். மாத்தளையிலோ அது அடிவானத்திலிருந்து ஏழரைப் பாகைதான். மலையோ மரமோ மறைத்துவிடும். தொடர்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். எங்கள் மூன்றாம் பிறை தோணிபோலக் கிடக்கும். ஏப்ரல் மாதத்தில் சூரியன் உச்சம் கொடுக்கும் ஊர்களின் பட்டியலை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடுவது செய்திகளில் வரும். மாத்தளையில் ஏப்ரல் 8, 9 அளவில் நண்பகலில் நட்டுவைத்த தடிக்கு நிழல் இருக்காது. நியூயோர்க்கிலோ இலண்டனிலோ ஒருநாளும் அது நடப்பதில்லை.

மே நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் வெளியே வந்து பாருங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் எதிரெதிரே உயர்ந்து நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இப்படிப் பார்க்கக் கிடைப்பது எங்களைப் போலப் பூமத்திய ரேகையை அண்டி வாழ்பவர்களுக்குத்தான். 2009 மே மாதத்திலும் அவை அதே இடத்தில்தான் நின்றன. மேலே பார்க்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை.

வானத்தை எம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று நான் நினைப்பது இதைத்தான். அதற்குப் பழைய தொடர்களும் உதவும். பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். இது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது? சொல்லும் எண் அளந்து வந்ததா, நம்பி வந்ததா? முழுப் பகுதியா, யாரோ வெட்டிய துண்டா? கற்பனையானால் கற்பனை என்று சொல்கிறார்களா? நானே பார்த்துச் சரிபார்க்க ஏதாவது வழி உண்டா?

கிளார்க் 2007 டிசெம்பரில் தன் 90ஆவது பிறந்தநாளில் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்கான சான்று, எண்ணெயில் தங்காத எரிசக்தி, இலங்கையில் நிலையான சமாதானம். அடுத்த மார்ச்சில் அவர் காலமானார். மூன்றில் ஒன்றும் அவர் இருக்கும்போது நிறைவேறவில்லை.

இனி வருவதில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2019 டிசெம்பர் 26, ஆழிப்பேரலையின் 15ஆம் ஆண்டு நினைவு நாளில், வடக்கிலும் கிழக்கிலும் தெரிந்த வளையச் சூரிய கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். அடுத்து வட இலங்கையின் மேல் வளையச் சூரிய கிரகணம் கடப்பது 2031 மே 21 அன்று. மாத்தளையில் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். நேரம் நிமிடக் கணக்கில் ஏற்கெனவே கணிக்கப்பட்டுவிட்டது. அதை நம்புங்கள் என்று மாணவர்களிடம் நான் கேட்கவில்லை. நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பாதுகாப்பான வடிகட்டியோடு வந்து, கணக்குச் சரியா என்று பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.